புள்ளி கணினியிடம், பதில் கிராம உத்தியோகத்தரிடம்

அஸ்வெசும நலன்புரித் திட்டம் 2023 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அது பற்றிய வாதப்பிரதிவாதங்கள் ஓய்ந்தபாடில்லை. தகுதியானவர்கள் ஏன் விடுபட்டார்கள், வசதி படைத்தோர் எவ்வாறு பட்டியலில் இடம்பிடித்தார்கள் என்ற கேள்விகள் பாராளுமன்றத்திலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும் எழுப்பப்பட்டு வந்துள்ளன. அவை நியாயமான கேள்விகளே. எனினும், அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வி எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. கணினி முறைமையொன்று முடிவைச் சொல்லத் தொடங்கிய பின்னர், அந்த முடிவை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் உத்தியோகத்தரின் வேலை என்னவாயிற்று என்பதே அக்கேள்வி.

மென்பொருள் வந்தால் வேலை இலகுவாகும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்கு வழக்கு, பதிவேடு, பட்டியல் தயாரித்தல் போன்றவற்றில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்ததில்லை. ஆனால் ஒரு மனிதர் தமது அறிவாலும் அனுபவத்தாலும் செய்து வந்த தீர்மானத்தை மென்பொருள் எடுத்துக்கொள்ளும்போது நிலைமை வேறாகிறது. இலகுவான பகுதி கணினிக்குப் போய்விடுகிறது. கடினமான பகுதி மனிதரிடமே தங்கிவிடுகிறது. அதிகாரம் குறைந்து பொறுப்பு கூடுகிறது. இவ்வாறான வேலையை எவரும் மனமொன்றிச் செய்வதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பிரதேச செயலகங்களைக் கருத்திற்கொண்டு இவ்விடயத்தை ஆராய்வது பொருத்தமானது.

விதானையார் காலமும் சமுர்த்தி காலமும்

கிராமத் தலைவர் முறை 1963 இல் ஒழிக்கப்பட்டு, அரசின் நேரடி ஊழியராகக் கிராம சேவகர் நியமிக்கப்பட்டார். பெயர் மாறினாலும் கிழக்கின் கிராமங்களில் முதியவர்கள் அவரை 'விதானையார்' என்றே அழைத்து வந்தனர். அந்த அழைப்பில் ஒரு பொருள் உண்டு. ஊரின் ஒவ்வொரு வளவையும் அறிந்தவர், ஒரு குடும்பத்தின் நிலைமையைப் பற்றி அரசுக்குச் சாட்சி சொல்லத் தக்கவர் என்பதே அது. 1995 இல் சமுர்த்தித் திட்டம் ஆரம்பிக்கப்பட்ட பின்னர், வறிய குடும்பங்களை இனங்காணும் பணியில் சமுர்த்தி உத்தியோகத்தரும் இணைந்தார். அவரும் ஊரை அறிந்தவரே.

அந்த முறை தூய்மையானதாக இருந்தது என்று எவரும் வாதிட முடியாது. ஆட்சி மாறும்போது பட்டியல் மாறியது. கட்சிக்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் முத்திரை கிடைத்தது. வசதி வந்த பிறகும் பெயர் நீக்கப்படாத குடும்பங்கள் இருந்தன; வறுமையில் வாடியும் பெயர் சேர்க்கப்படாத குடும்பங்களும் இருந்தன. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்த படுவான்கரை மக்கள் பலர் எந்தப் பட்டியலிலும் நிலைத்து நிற்க முடியாமல் போயினர். ஆகவே, மனிதத் தீர்மானத்தின் பாரபட்சத்தைக் களைவதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

அந்த அளவுகோலுக்கான சட்ட அடிப்படை 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமாகும். ஆயினும் 2022 இல் நாடு கடனைச் செலுத்த முடியாத நிலைக்குத் தள்ளப்பட்ட பின்னரே அது முழு வேகத்துடன் செயலுக்கு வந்தது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் கடன் வசதிக்கு அங்கீகாரம் அளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் உலக வங்கி அங்கீகரித்த 700 மில்லியன் டொலரில் 200 மில்லியன் சமூகப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. புதிய திட்டம் அவசரத்தில் பிறந்தது என்பதை மறக்கலாகாது.

இருபத்திரண்டு சுட்டிகள்

கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளின் கீழ் 22 சுட்டிகள் 2022 அக்டோபரில் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் கிடைத்தன. திரட்டப்பட்ட விபரங்களைக் கொண்டு கணினி முறைமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி வழங்கியது. அதன் அடிப்படையில் ஏறத்தாழ 20 இலட்சம் குடும்பங்களை நான்கு வகையினராகப் பிரிக்கத் திட்டமிடப்பட்டது. மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறியவர்களுக்கு 8,500 ரூபா, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000 ரூபா, இடைநிலையினருக்கு 2,500 ரூபா என்பது தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட தொகை. முதல் இரு வகையினருக்கான தொகை 2025 ஜனவரி முதல் முறையே 17,500 ரூபாவாகவும் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

முதற் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் குமுறல் எழுந்தது. 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் முடிவை ஏற்க மறுத்தார்கள் என்பதே இதன் பொருள். அந்தக் குமுறலின் முதல் வேகத்தை முகம்கொடுத்துத் தாங்கியவர்கள் கொழும்பிலிருந்து முறைமையை வடிவமைத்தவர்கள் அல்லர். பிரதேச செயலகத்தின் கருமபீடத்தில் அமர்ந்திருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர்களும், கிராமத்தில் வாழ்ந்தபடி பணியாற்றும் கிராம உத்தியோகத்தர்களுமே. இந்நடவடிக்கைகளில் பங்கேற்பதற்கு எதிராகக் கிராம உத்தியோகத்தர் சங்கங்களும் சமுர்த்தி உத்தியோகத்தர் சங்கங்களும் போர்க்கொடி தூக்கியதைச் சம்பளம், கடமைப் பட்டியல் பற்றிய தொழிற்சங்கத் தகராறாக மட்டும் பார்ப்பது போதாது.

வேலை கூடியதா, குறைந்ததா?

முன்னைய நடைமுறையில் ஓர் உத்தியோகத்தர் ஒரு குடும்பத்தைப் பார்த்தார், நிலைமையை மதிப்பிட்டார், சிபாரிசு செய்தார். அந்தச் சிபாரிசு சரியோ பிழையோ, அதற்கான காரணம் அவருக்குத் தெரியும். 'உமது மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார், அதனால்தான் உமது பெயரைச் சேர்க்கவில்லை' என்று அவரால் முகத்துக்கு நேரே கூற முடியும். அதைக் கேட்டவர் கோபித்துக்கொண்டாலும், எதை மறுத்து வாதிட வேண்டும் என்பது அவருக்கு விளங்கும்.

புதிய நடைமுறையில் விபரத்தைச் சேகரிப்பது ஒருவர், பதிவேற்றுவது இன்னொருவர், புள்ளியிடுவது கணினி, பட்டியலை வெளியிடுவது நலன்புரி நன்மைகள் சபை. கருமபீடத்தில் இருப்பவருக்குத் தெரிவது முடிவு மாத்திரமே. 22 சுட்டிகளும் வர்த்தமானியில் உள்ளன என்பது உண்மை. ஆனால், ஒரு குறிப்பிட்ட குடும்பம் எந்தச் சுட்டியால் கீழே தள்ளப்பட்டது என்பதை அந்தக் குடும்பத்தலைவிக்கு விளக்கும் துண்டுச் சீட்டு ஒன்று பட்டியலோடு வந்து சேரவில்லை. தாம் எடுக்காத முடிவுக்கு, தாம் அறியாத காரணத்தை, தம்மை நம்பி வந்தவரிடம் சொல்ல வேண்டிய இக்கட்டில் உத்தியோகத்தர் விடப்பட்டார்.

வேலையின் சிக்கல் என்பது படிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. எத்தனை விடயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும், ஒரு செயலின் விளைவை எவ்வளவு தூரம் முன்கூட்டி அறியலாம், பிழை நேர்ந்தால் அதைத் திருத்தும் வழி கையில் இருக்கிறதா என்பனவும் அதில் அடங்கும். இந்த அளவுகளின்படி உத்தியோகத்தரின் வேலை குறையவில்லை; கூடியே இருக்கிறது. முன்னர் ஒரு குடும்பத்தை அறிந்தால் போதும். இப்போது அந்தக் குடும்பத்தையும் அறிய வேண்டும். கணினி அந்தக் குடும்பத்தை எவ்வாறு பார்த்திருக்கும் என்பதையும் ஊகிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேன்முறையீட்டுப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடக்கவும் வேண்டும்.

தொழிற்சாலைகளில் தானியங்கி முறைகள் பெருகியபோதே இந்த முரண்பாடு சுட்டிக்காட்டப்பட்டுவிட்டது. பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இயந்திரத்தால் செய்ய முடியாத மிகக் கடினமான பணிகளே இறுதியில் மனிதருக்கு எஞ்சுகின்றன என்பதை விளக்கினார். அன்றாடப் பயிற்சி இல்லாமற் போவதால், அந்தக் கடினமான பணியைச் செய்யும் திறமையும் மெல்ல மங்கிவிடும் என்பது அவரது எச்சரிக்கை. ஊரைச் சுற்றி மதிப்பிடும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போனால், கிராம உத்தியோகத்தரின் ஊரறிவுக்கும் அந்தக் கதியே நேரும்.

வாவிக் கரையின் வாழ்வு

கணினியின் பார்வைக்கும் ஊரின் பார்வைக்கும் இடையிலான இடைவெளி எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவானதன்று. மட்டக்களப்பில் அது ஏன் அகலமானது என்பதற்குக் காரணங்கள் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆக இருந்தபோது இம்மாவட்டத்தில் அது 11.3 வீதமாக இருந்தது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அடுத்தபடியாக வறுமை ஆழமாக வேரூன்றிய மாவட்டங்களில் ஒன்று இது.

வாவியில் வீச்சுவலை வீசும் ஒருவரின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. இறால் படும் காலத்தில் கையில் பணம் புழங்கும். வடகீழ்ப் பருவமழை கொட்டி, வெள்ளத்தை வடிய விடுவதற்காக முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் தோணி கரையிலேயே கிடக்கும். படுவான்கரையின் வயற் கூலியாளருக்கு அறுவடைக் காலத்தில் வேலை. பின்னர் நீண்ட ஓய்வு. எந்த மாதத்தில் கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தார் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பம் இரு வேறு குடும்பங்களாகத் தோன்றக்கூடும்.

எழுவான்கரையின் கடலோரக் கிராமங்களிலிருந்து மீனை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, பாலம் கடந்து படுவான்கரை ஊர்களில் விற்பவர்களை எவரும் காணலாம். அந்த மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் லீசிங்கில் எடுக்கப்பட்டது. சொத்துப் பட்டியலில் அது வாகனம். விற்பவருக்கோ அது மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன். சுட்டி வாகனத்தைக் காணும்; தவணைக் கொப்பியைக் காணாது.

வீடும் அவ்வாறே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளும், யுத்தத்துக்குப் பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த வீடுகளும் இம்மாவட்டத்தில் பரவலாக உள்ளன. சீமெந்துத் தரையும் கல்லுச் சுவரும் அந்தக் குடும்பத்தின் வசதிக்குச் சாட்சியமாகா. ஒரு காலத்தில் அது சந்தித்த பேரிழப்புக்கே அவை சாட்சி. மட்டக்களப்புத் தமிழரின் வழமைப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. பெற்றோர் அதே வளவில் ஒதுங்கி வாழ்கிறார்கள். ஒரு வளவில் இரண்டு, மூன்று அடுப்புகள் எரியும். மின்மானி ஒன்றாகவே இருக்கலாம். மின்சாரப் பட்டியலில் உள்ள அலகுகளை யார் கணக்கில் எழுதுவது? வீடு யாருடைய சொத்து? இவற்றுக்கு ஊரறிந்த கிராம உத்தியோகத்தர் ஒரு நிமிடத்தில் விடை சொல்வார். படிவத்திலோ அந்த விடையை எழுத இடமில்லை.

தெரிந்ததைச் சொல்ல வாய்ப்பில்லாமல், தெரியாததற்குப் பதில் சொல்ல நிர்ப்பந்திக்கப்படுவதே இவ்வூழியரின் அவலம்.

ஊக்கம் எங்கே வற்றுகிறது?

தொழில் ஊக்கம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்களான ரிச்சர்ட் ஹக்மனும் கிரெக் ஓல்ட்ஹமும் 1970களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். பலவகைத் திறமைகளைப் பயன்படுத்த இடமிருத்தல், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்தல், அந்த வேலை பிறர் வாழ்வில் பயன் தருதல், தாமாகத் தீர்மானிக்கும் சுதந்திரம், செய்த வேலையின் பலனை அறிந்துகொள்ளுதல் ஆகிய ஐந்துமே ஒருவரைத் தம் வேலையில் ஈடுபாடு கொள்ளச் செய்கின்றன என்பது அதன் சாரம்.

இந்த ஐந்தையும் நமது உத்தியோகத்தரின் மேசையில் வைத்துப் பார்ப்போம். மதிப்பிடும் திறமைக்கு வேலையில்லை. விபரத்தை நிரப்பினால் போதும். வேலை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. எவரும் அதை முழுமையாகக் காண்பதில்லை. தீர்மானிக்கும் சுதந்திரம் பறிபோயிற்று. தாம் அனுப்பிய மேன்முறையீடு ஏன் ஏற்கப்பட்டது, ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி அவரை வந்தடைந்தால்தானே அடுத்த முறை திருந்த முடியும்? எஞ்சியிருப்பது ஒன்றே: வேலையின் பயன். ஒரு குடும்பத்தின் சோறு அதில் தங்கியிருக்கிறது என்பதை அவர் அறிவார். ஏனைய நான்கும் இல்லாத இடத்தில் இந்த ஓர் அறிவு ஊக்கத்தைத் தருவதில்லை, மனவேதனையையே தருகிறது.

அந்த வேதனையிலிருந்து தப்பிக்க மனிதர் கண்டுபிடிக்கும் வழி நாமறிந்ததே. 'நான் என்ன செய்ய, கொம்பியூட்டர்தான் வெட்டியது' என்ற ஒற்றை வசனம் அது. அதைச் சொல்லப் பழகிவிட்ட ஊழியர் தம்மைப் பாதுகாத்துக்கொள்கிறார். ஆனால் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலிருந்த கடைசி மனிதத் தொடர்பு அந்தக் கணத்தில் அறுந்துபோகிறது. மைக்கல் லிப்ஸ்கி என்ற அரசறிவியலாளர் 1980 இல் வெளியிட்ட நூலில், மக்களை நேருக்கு நேர் சந்திக்கும் அடிமட்ட ஊழியர்களின் அன்றாடத் தீர்மானங்களே உண்மையில் அரசின் கொள்கையாக உருப்பெறுகின்றன என்று நிறுவினார். அந்தத் தீர்மானம் திரைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டால், கொள்கையின் முகம் யாருடையது என்று மக்கள் தேடுவார்கள். அவர்கள் காண்பது கருமபீடத்தில் இருப்பவரின் முகத்தையே.

பிற நாடுகள் கற்ற பாடம்

இது வளர்முக நாடுகளின் போதாமையால் விளைந்த சிக்கல் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில், நலன்புரிக் கொடுப்பனவு பெற்றவர்கள் கூடுதலாகப் பணம் பெற்றுவிட்டதாகக் கணித்து அறிவித்தல் அனுப்பும் தானியங்கி முறையொன்று 'ரோபோடெட்' என்ற பெயரால் அறியப்பட்டது. ஆண்டு வருமானத்தை இரு வாரங்களுக்கொரு முறை எனச் சராசரியாகப் பங்கிட்டுக் கடன் கணக்கிட்டது அதன் அடிப்படைப் பிழை. விட்டு விட்டு வேலை செய்தவர்கள் ஆண்டு முழுவதும் சம்பாதித்தவர்களாகக் காட்டப்பட்டனர். வாவி மீனவரின் பருவகால வருமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. அந்தத் திட்டம் சட்டவிரோதமானது என முடிவாயிற்று. இலட்சக்கணக்கானோருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2023 ஜூலையில் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. முறை பிழையானது என்று உள்ளேயிருந்த ஊழியர்களே எச்சரித்தும் அது செவிமடுக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

பிரித்தானியாவின் தபால் சேவையில் நிகழ்ந்தது அதைவிடக் கொடியது. 'ஹொரைசன்' என்ற கணக்கியல் மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறைக்காக, 1999 முதல் 2015 வரை 900 க்கும் அதிகமான உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். 'நான் பணத்தை எடுக்கவில்லை' என்று கூறிய மனிதரைவிட, எடுத்ததாகக் கூறிய கணினியை நீதிமன்றங்கள் நம்பின. அந்தத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக இரத்துச் செய்ய 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இவ்விரு நிகழ்வுகளிலும் குறை மென்பொருளில் மட்டும் இருக்கவில்லை. அதை முதலில் கண்டுகொண்டவர்கள் கடைநிலை ஊழியர்கள். அவர்களுடைய சொல்லுக்கு அந்த அமைப்பில் பெறுமதி வழங்கப்படவில்லை. அதுவே சிறு பிழையைப் பெரும் அநீதியாக வளர்த்தது.

கருவி துணையாகட்டும்

இவற்றைக் கொண்டு கணினியைத் தூக்கியெறிய வேண்டும் என்று வாதிடுவது விவேகமாகாது. ஒரே நபர் இரு இடங்களில் பெயர் பதிவதைக் கண்டுபிடிக்கவும், இறந்தவரின் பெயரில் பணம் போவதைத் தடுக்கவும், பணத்தை இடைத்தரகரின்றி வங்கிக் கணக்கில் சேர்க்கவும் கணினியைப் போன்ற கருவி வேறில்லை. அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்துக்கு அஞ்ச வேண்டியிராத நேர்மையான உத்தியோகத்தருக்கு அது ஒரு கவசமும் ஆகும். 'முறைமை அனுமதிக்காது' என்ற பதில் சில வேளைகளில் நீதியின் பதிலாகவும் அமைந்துவிடுகிறது.

பிரச்சினை கருவியில் இல்லை; கருவிக்கும் ஊழியருக்கும் இடையே நாம் வகுத்த உறவில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம் தொழிலிடத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த ஷொஷானா சுபோஃப் 1988 இல் வெளியிட்ட நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ஒரே தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊழியரின் கையிலிருந்து வேலையைப் பறிக்கலாம். அல்லது ஊழியருக்கு அதிகம் தெரியும்படி செய்யலாம். எதைத் தெரிவு செய்வது என்பது நிர்வாகத்தின் முடிவு, இயந்திரத்தின் முடிவன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் ஏறியது, எந்தக் குடும்பம் எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறது என்பதை அறிய அரசு நாடியது கிராம உத்தியோகத்தரையே. அனர்த்த வேளையில் நம்பத்தக்கதாகத் தோன்றும் அவரது ஊரறிவு, அமைதிக் காலத்தில் சந்தேகத்துக்குரியதாக மாறுவது விந்தை. ஆபத்துக்கு உதவும் கண், அன்றாடத்துக்கும் உதவட்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு முடிவோடும் அதற்கான காரணம் விண்ணப்பதாரரின் தாய்மொழியில் அச்சிடப்பட்டு வர வேண்டும். எந்தச் சுட்டி புள்ளியை மாற்றியது என்பது அதில் தெளிவாக இருத்தல் அவசியம். இது குடும்பத்துக்கு உரிமை, உத்தியோகத்தருக்கு நிம்மதி. காரணம் தெரிந்தால் வாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்; தெரியாவிட்டால் ஐந்து மாதம் நீளும்.

இரண்டாவதாக, கணினியின் முடிவோடு உடன்படாத உத்தியோகத்தர் தமது மாற்றுக் கருத்தைக் காரணத்தோடு எழுதிக் கையொப்பமிடும் அதிகாரம் பெற வேண்டும். அந்தக் குறிப்புப் பதியப்பட்ட கோவையைப் பிரதேச செயலாளர் தலைமையிலான குழு குறிப்பிட்ட நாட்களுக்குள் பரிசீலித்துத் தீர்க்க வேண்டும். பாரபட்சம் திரும்பி வந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று கூறலாம். பாரபட்சத்துக்கு எதிரான மருந்து வாயடைப்பதன்று. எழுத்தில் காரணம் கேட்பதே. கையொப்பமிட்ட காரணம் நாளை கணக்காய்வுக்கும் உட்படும்.

மூன்றாவதாக, மேன்முறையீடுகளின் முடிவு கிராம உத்தியோகத்தருக்கும் காரணத்தோடு அறிவிக்கப்பட வேண்டும். தம் பிரிவில் எத்தனை முடிவுகள் மாற்றப்பட்டன, ஏன் மாற்றப்பட்டன என்று அறிந்தால் அவருடைய மதிப்பீடும் சீராகும். சுட்டிகளின் குறையும் வெளிப்படும். ஒரே வகைக் காரணம் பல பிரிவுகளில் திரும்பத் திரும்ப வருமானால், திருத்தப்பட வேண்டியது படிவமே.

நான்காவதாக, சுட்டிகளை மீள வகுக்கும்போது மேசையைச் சுற்றி நிதியமைச்சின் அதிகாரிகளும் ஆலோசகர்களும் மட்டும் அமரக் கூடாது. வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் கிராம உத்தியோகத்தர்கள் அழைக்கப்பட வேண்டும். பருவகால வருமானம், தவணைக் கடனில் உள்ள வாகனம், தானமாகக் கிடைத்த வீடு, ஒரே மின்மானியில் வாழும் பல குடும்பங்கள் ஆகியவற்றைப் படிவம் பதியக் கற்றுக்கொள்ள வேண்டும். கருவியை வகுப்பதில் பங்குகொண்ட ஊழியர் அந்தக் கருவியைத் தம்முடையதாகக் கருதுவார்.

ஐந்தாவதாக, விளக்கம் சொல்வதும் ஒரு வேலை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் முப்பது பேரின் முறைப்பாட்டைக் கேட்டு ஆறுதல் கூறுவது எந்தச் செயலாற்றல் அறிக்கையிலும் பதியப்படுவதில்லை. பதிவேற்றப்பட்ட படிவங்களின் எண்ணிக்கையே வேலையின் அளவாகக் கொள்ளப்பட்டால், மக்களோடு பேசும் ஊழியர் சோம்பேறியாகவும், பேசாதவர் திறமைசாலியாகவும் தோன்றுவர்.

அரச சேவையில் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளில் ஏதோ ஒரு நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். அந்த நல்லெண்ணத்தைச் சம்பள உயர்வால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. தம் அறிவுக்கு மதிப்புண்டு, தம் சொல்லுக்குப் பயனுண்டு என்ற நம்பிக்கையே அதைக் காக்கும். நலன்புரித் திட்டத்துக்கு அரசு இட்ட பெயரின் பொருள் 'ஆறுதல்' என்பதாகும். ஆறுதலை வங்கிக் கணக்கில் வைப்பிலிட முறைமையால் முடியலாம். வாசலுக்கு வந்து நிற்கும் தாயிடம், அவளுக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்குக் காரணத்தை அறியும் உரிமையையும், பிழையைச் சுட்டும் அதிகாரத்தையும் வழங்குவது அடுத்த கணக்கெடுப்புத் தொடங்குவதற்கு முன் அரசு செய்ய வேண்டிய கடமையாகும்.